வந்தவர்கள் கட்டியது

1794இல் காசியில் ஜகத் சிங் என்பவருக்குச் செங்கல் தேவைப்பட்டது. காசி ராஜாவிடம் திவானாக இருந்தவர். ஊருக்குள் தன் பெயரில் ஒரு சந்தை எழுப்பிக்கொண்டிருந்தார், அந்த இடத்துக்கு இன்றைக்கும் ஜகத்கஞ்ச் என்றுதான் பெயர். ஊருக்கு வெளியே, புத்தர் முதல் உபதேசம் செய்த சாரநாத்தில், புதர் மண்டிக் கிடந்த பெரிய செங்கல் மேடு ஒன்று இருந்தது. ஆட்களை அனுப்பிப் பெயர்த்து எடுத்துக்கொண்டார். தோண்டிக்கொண்டே போனபோது ஒரு கல்பெட்டி வந்தது. அதற்குள் பச்சைச் சலவைக்கல் பேழை, பேழைக்குள் கொஞ்சம் எலும்புத் துண்டுகள், முத்துகள், தங்கத் தகடுகள். எலும்பு கிடைத்தால் கங்கையில் கரைப்பதுதானே அங்கே வழக்கம், கரைத்துவிட்டார்கள். காசியில் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த ஜோனதன் டங்கன் இதைப் பற்றி எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரியும். 1835இல் கன்னிங்காம் என்ற இளம் ராணுவப் பொறியாளர் அங்கே தோண்ட வந்தபோது, அந்தப் பழைய வேலையில் கூலியாளாக இருந்த ஒரு முதியவர் இன்னும் உயிரோடு இருந்தார். அவர் காட்டிய இடத்தில் வெளிப்பக்கக் கல்பெட்டி மட்டும் கிடைத்தது. அது இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பச்சைப் பேழை என்ன ஆனது என்று ஒருவருக்கும் தெரியாது.

சாரநாத் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தமேக் தூபியை, அதாவது செங்கல்லும் கல்லுமாக எழுப்பிய பௌத்த நினைவு மேட்டை, சுற்றிவிட்டு, அசோகர் தூணின் சிங்கத் தலையைப் பார்க்க மியூசியத்துக்கு ஓடிவிடுகிறார்கள். தமேக் பெரியது, அடிப்பகுதி மட்டுமே 28 மீட்டர் விட்டம், கண்ணை இழுக்கத்தான் செய்யும். ஆனால் நான் அதிக நேரம் நின்றது ஜகத் சிங் இடித்துவிட்டுப்போன தர்மராஜிகா தூபியில்தான். தரையோடு தரையாக ஒரு வட்டம், அவ்வளவுதான் மிச்சம். கிட்டே போய்க் குனிந்து பார்த்தால் வட்டத்துக்குள் வட்டம் தெரிகிறது. நடுவில் இருப்பது அசோகர் காலத்தது. அதைச் சுற்றி ஆறு முறை பெரிதாக்கியிருக்கிறார்கள், கடைசியாக 12ஆம் நூற்றாண்டில். ஒவ்வொரு முறையும் பழையதை இடிக்கவில்லை, அதை அப்படியே உள்ளே வைத்து மேலே இன்னொரு சுற்று கட்டியிருக்கிறார்கள். செங்கல்லின் அளவே சுற்றுக்குச் சுற்று மாறுகிறது.

இந்த வட்டங்களைப் பார்த்த பிறகு புத்தர் யாத்திரையின் மற்ற ஊர்களையும் நான் வேறு மாதிரிதான் பார்த்தேன். டூர் நடத்துபவர்கள் எல்லோரும் "புத்தர் வாழ்ந்த இடம், புத்தர் நடந்த இடம்" என்று சொல்லித்தான் கூட்டிப்போகிறார்கள். இடம் அவருடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் நாம் கண்ணால் பார்க்கிற செங்கல், கல், சிலை, தூண் எதுவும் அநேகமாக அவர் காலத்தது அல்ல. அவர் தங்கியதெல்லாம் மண்ணும் மரமும் மூங்கிலும் ஓலையுமாக இருந்த இடங்கள், மிஞ்சுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. மிஞ்சியிருப்பது அவரைத் தேடி பின்னால் வந்தவர்கள் வைத்துவிட்டுப்போனது. அரசன், வியாபாரி, பிக்கு, பிக்குணி, கடல் தாண்டி வந்தவன், பெயர் தெரியாத ஒரு கிழவி என்று ஆயிரத்தைந்நூறு வருஷமாக வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள், வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கட்டியிருக்கிறார்கள். இந்த இடிபாடுகள் என்பவை யாத்திரைக்காரர்களின் கைவேலை.

ராஜ்கீர் ஒரு விதிவிலக்கு. மலைகளின் முகட்டோடு சுமார் 40 கிலோமீட்டருக்கு ஓடுகிற கற்கோட்டை ஒன்று அங்கே இருக்கிறது. செதுக்காத பெரிய பெரிய பாறைகளை, சுண்ணாம்பு எதுவும் இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. புத்தர் காலத்து மகதத்தின் தலைநகர் மதில் என்று சொல்லப்படுவது இது. கயாவிலிருந்து வருகிற சாலை அந்த மதிலை அறுத்துக்கொண்டு ஊருக்குள் நுழைகிறது, வண்டியிலிருந்து இறங்கிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும், ஆனாலும் யாரும் இறங்குவதில்லை. அதேபோல கிருத்ரகூடம். புத்தர் தங்கிப் போதித்த கழுகுப் பாறை. ராஜ்கீர் வருகிற கூட்டம் முழுவதும் ரோப் காரில் ஏறி, 1969இல் ஜப்பானியர்கள் கட்டிய வெள்ளை சாந்தி தூபிக்குப் போய் இறங்கிவிடுகிறது. கிருத்ரகூடத்துக்குப் படி வழியாகத்தான் போக வேண்டும். மேலே ஒரு சின்னச் செங்கல் அடித்தளம், பக்கத்தில் குகை மாதிரி பாறை இடுக்குகள், சுற்றிலும் காடு. பாஹியான் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்து, பூவும் விளக்கும் வைத்துவிட்டு, தான் புத்தர் இருந்த காலத்தில் பிறக்கவில்லையே, அவர் விட்டுப்போன தடத்தைத்தான் பார்க்க முடிகிறது என்று அழுதிருக்கிறார். இரவு முழுவதும் அங்கேயே தங்கிச் சூத்திரம் ஓதினார் என்று அவருடைய குறிப்பிலேயே இருக்கிறது. சீனாவிலிருந்து பாலைவனம் தாண்டி, மலை தாண்டி வந்த மனிதர். அவருக்கே அப்போது புத்தர் எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷம் பழையவர். இதை யோசித்துப் பாருங்கள். நாம் ராஜராஜ சோழனை எவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்க்கிறோமோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்.

அடுத்தது வைசாலி. என்னைக் கேட்டால் இந்த யாத்திரையில் தவறவே விடக்கூடாத இடம் இதுதான், பஸ்ஸில் வருகிற கூட்டங்கள் மிகக் குறைவாக நேரம் ஒதுக்குவதும் இங்கேதான். கோல்ஹுவாவில் ஒற்றைச் சிங்கத்தோடு நிற்கிற தூண் அழகு, அதன் பக்கத்தில் புத்தரின் சீடர் ஆனந்தரின் தூபி, குளம், எல்லாம் படத்துக்கு நன்றாக விழும். நான் சொல்வது அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கிற இன்னொன்று. தகரக் கூரை போட்ட ஒரு குடைக்குக் கீழே, வட்டமான பள்ளத்தில், கொஞ்சம் மண். வாசலில் இருந்த காவலாளி, "உள்ளே பெரிசா ஒண்ணும் இல்ல சார், மண்ணுதான்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, பிறகு அவரே கூட வந்து எது மண், எது செங்கல் என்று விரலால் காட்டினார்.

புத்தர் மறைந்த பிறகு அவருடைய அஸ்தியை எட்டுப் பங்காகப் பிரித்தார்கள், ஒரு பங்கு வைசாலியை ஆண்ட லிச்சவி குலத்தாருக்குக் கிடைத்தது, அவர்கள் அதன்மேல் ஒரு தூபி எழுப்பினார்கள் என்பது பழைய நூல்கள் சொல்கிற கதை. 1958க்கும் 1962க்கும் இடையே காசிபிரசாத் ஜெயஸ்வால் ஆய்வு நிறுவனத்துக்காக அல்டேகர் இங்கே அகழ்ந்தபோது கிடைத்தது களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டுக் கட்டிய ஒரு சின்னத் தூபி, விட்டம் எட்டு மீட்டர்தான். அதைச் சுற்றிப் பிற்காலத்தில் நான்கு முறை செங்கல் வைத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். நடுவில் மாக்கல்லில் கடைந்த ஒரு சிமிழ். அதில் சாம்பல் கலந்த மண், ஒரு குட்டிச் சங்கு, இரண்டு கண்ணாடி மணிகள், ஒரு துண்டுத் தங்க இலை, ஒரு செப்புக்காசு. அவ்வளவுதான். இத்தனை பெரிய மதத்தின் மூலாதாரப் பொருளாக எண்ணப்படுகிற ஒன்றோடு யாரோ ஒருவர் இரண்டு கண்ணாடி மணிகளைப் போட்டிருக்கிறார், அது யாருடைய கழுத்திலிருந்து வந்ததோ. சாரநாத்தில் முத்தும் தங்கத் தகடும் வைக்கிற அளவுக்கு வசதி வந்துவிட்டது. இங்கே கையில் இருந்ததை வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. அந்த மண் தூபியின் நடுவரைக்கும் பழங்காலத்திலேயே யாரோ ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். அசோகர் பழைய தூபிகளைத் திறந்து அஸ்தியை எடுத்து நாடு முழுவதும் பிரித்து வைத்தார் என்று பௌத்த நூல்கள் சொல்வதோடு இது பொருந்துகிறது என்பது அகழ்ந்தவர்கள் கருத்து. அப்படியே இருந்தால், திறந்தவர் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகவில்லை, கொஞ்சம் மிச்சம் வைத்து மூடியிருக்கிறார்.

அசோகரை நாம் பள்ளிக்கூடத்தில் சக்கரவர்த்தியாகப் படித்துவிட்டோம், அதனால் அவரும் ஒரு யாத்திரைக்காரர் என்பது மனதில் ஏறுவதே இல்லை. நேபாளத்தில் லும்பினியில் அவர் நிறுத்திய தூண் 1896இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் இருக்கிற வாசகம் சில வரிகள்தான். முடிசூடி இருபது வருஷம் ஆனபின் தானே நேரில் வந்து வணங்கியதாகவும், புத்தர் இங்கே பிறந்தார் என்பதால் கல் எழுப்பியதாகவும், இந்தக் கிராமத்துக்கு வரி நீக்கி, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு தந்தால் போதும் என்று குறைத்ததாகவும் சொல்கிறார். மற்ற கல்வெட்டுகளில் பக்கம் பக்கமாக அறிவுரை சொல்கிற மனிதர், இங்கே வந்தேன், கும்பிட்டேன், வரியைக் குறைத்தேன் என்று முடித்துக்கொள்கிறார். கோயிலுக்கு நேர்ந்துகொண்டு போகிற நம் ஊர் ஆளுக்கும் அவருக்கும் இந்த இடத்தில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

புத்தர் மறைந்த குசிநகர்தான் நான் உட்கார்ந்து அழுத இடம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அங்கே இருக்கிற கோயில் கட்டடம் புதியது, 1956இல் புத்த ஜயந்தி 2500ஆம் ஆண்டுக்காக எழுப்பியது. உள்ளே ஆறு மீட்டருக்கும் மேல் நீளமாக, வலது பக்கம் சாய்ந்து படுத்த நிலையில் புத்தர். 5ஆம் நூற்றாண்டுச் சிலை. 1876இல் கார்லெயில் என்ற தொல்லியல்காரர் மேட்டைத் தோண்டியபோது இது துண்டுதுண்டாக உடைந்து கிடந்தது, பொறுக்கிச் சேர்த்து ஒட்டியது அவர்தான். கூட்டம் எல்லாம் முகத்தைத்தான் பார்க்கிறது. தலைமாட்டிலிருந்து பார்த்தால் ஒரு முகம், நடுவிலிருந்து ஒரு முகம், கால்மாட்டிலிருந்து ஒரு முகம் என்று கைடுகள் நம்மை நகர்த்தி நகர்த்தி நிற்க வைப்பார்கள். சரி, அதையும் பாருங்கள். ஆனால் பீடத்தின் மேற்குப் பக்கத்தில் குனிந்து பார்க்க வேண்டும். மூன்று சின்ன உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கம் தலைமுடி அவிழ்ந்து விழ, தரையில் விழுந்து அழுகிற ஒரு பெண். இன்னொரு பக்கம் கையில் தலையைத் தாங்கிக்கொண்டு துக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவர். நடுவில் ஒரு பிக்கு, நமக்கு முதுகைக் காட்டி, சிலையின் பக்கம் திரும்பித் தியானத்தில் இருக்கிறார். புத்தர் கடைசியாகத் தீட்சை கொடுத்த சுபத்திரர் இவர் என்கிறார்கள். நடு உருவத்துக்குக் கீழே ஒரு கல்வெட்டு. இது மகாவிகாரத்தை, அதாவது பிக்குகளின் பெரிய மடத்தை, சேர்ந்த ஹரிபலனின் தானம், இந்தச் சிலையைச் செய்தவன் மதுராவைச் சேர்ந்த தின்னன்.

தானம் கொடுத்தவர் பெயர் கல்லில் இருப்பது நமக்குப் புதிதில்லை, டியூப் லைட்டில்கூட உபயம் எழுதுகிற ஊர் நம்முடையது. செய்தவன் பெயரும் சேர்ந்து இருப்பதுதான் அபூர்வம். மதுரா அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பாருங்கள். அந்தச் செந்நிற மணற்கல்லும் இந்தச் சமவெளியில் கிடைக்கிற கல் இல்லை. இவ்வளவு பெரிய சிலையை எப்படியோ கொண்டுவந்து சேர்த்து, கடைசியில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிற அந்தப் பிக்குவுக்குக் கீழே பெயரைப் போட்டுக்கொண்டான் தின்னன்.

நான் போன நேரத்தில் இலங்கையிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. இந்த யாத்திரைக்குச் சிங்களவர்கள் தம்பதிவ வந்தனா என்று பெயர் வைத்து, வருஷம் பூராவும் காசு சேர்த்து வருகிறார்கள். எல்லோரும் வெள்ளை உடை, பெரும்பாலும் அறுபது தாண்டிய பெண்கள். நீளமான பொன்னிறத் துணி ஒன்றை இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள் பிடித்துத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, ஓதிக்கொண்டே சிலையைச் சுற்றி வந்தார்கள். என் பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு முட்டிவலி போல, பிடிப்பதற்கு சுவரைத் தேடிக்கொண்டிருந்தவர் திடீரென்று தன் கையிலிருந்த துணி ஓரத்தை என் கையில் திணித்து "அல்லன்ன, அல்லன்ன" என்றார். பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் என்று கையசைவிலேயே புரிந்தது. பிடித்துக்கொண்டு மற்றவர்களோடு நானும் சுற்றினேன். பிறகு துணியைச் சிலையின் மேல் கழுத்துவரை போர்த்தினார்கள், கோயில் ஆட்கள் ஏற்கெனவே போர்த்தியிருந்ததை மெதுவாக உருவி மடித்து வைத்தார்கள். எனக்கு அப்புறம் அடுத்த வரிசையில் தாய்லாந்துக்காரர்கள் இன்னொரு துணியோடு காத்திருந்தார்கள். நோயாளிக்குப் போர்வை சரிசெய்வது போல அந்த அம்மா பாதத்தின் பக்கம் சுருக்கத்தை நீவிவிட்டார். தின்னன் சிலையில் செதுக்கியிருப்பதும் இதே வேலையைச் செய்கிற ஆட்களைத்தான் என்று அப்போது எனக்குத் தோன்றியது, கண் கலங்கிவிட்டது.

குசிநகருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பர்மாவிலிருந்து இளம் வயதில் வந்து இங்கேயே தங்கிவிட்ட சந்திரமணி என்ற பிக்குதான், 1956 அக்டோபர் 14ஆம் தேதி நாக்பூரில் அம்பேத்கருக்குத் தீட்சை கொடுத்தவர். யாத்திரை வந்த ஒருவர் ஊர் திரும்பாமல் இருந்துவிட்டதால் இந்திய வரலாற்றில் நடந்த காரியம் அது.

நாளந்தா பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதன் நூலகம் எரிந்தது பற்றி இன்னும் அதிகமாக எழுதிவிட்டார்கள். நான் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். மூன்றாம் எண் கோயில் என்று பலகை வைத்திருக்கிறார்களே, எல்லாப் புகைப்படத்திலும் வருகிற அந்த உயரமான படிக்கட்டுக் கட்டடம், அதுவும் ஏழு முறை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்டதுதான். அதைச் சுற்றி முழங்கால் உயரத்திலும் இடுப்பு உயரத்திலும் நெருக்கமாக நிற்கிற குட்டித் தூபிகள் எல்லாம் யாத்திரை வந்தவர்களின் நேர்த்திக்கடன். அவற்றில் சிலவற்றுக்குள் சூத்திரம் எழுதிய செங்கற்கள் கிடைத்தன. எழுத்து உள்பக்கம், யாரும் படிக்க முடியாது. படிப்பதற்காக எழுதவில்லை, உள்ளே இருக்க வேண்டும் என்பதற்காக எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாவது, அங்கே கிடைத்த தேவபாலனின் செப்பேடு. 9ஆம் நூற்றாண்டு. சுவர்ணத்வீபத்தின், அதாவது இன்றைய சுமத்ராவின், சைலேந்திர அரசன் பாலபுத்திரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரம் கட்டினான், அதன் செலவுக்கு ஐந்து கிராமங்களை விட்டுக்கொடுக்கும்படி பால வம்சத்து அரசன் தேவபாலனிடம் கேட்டான், அவனும் கொடுத்தான். இதைப் படித்ததும் நம்மில் பலருக்கு வேறொரு செப்பேடு ஞாபகம் வரும். சுமார் நூற்றைம்பது வருஷம் கழித்து, அதே சைலேந்திர வம்சத்தைச் சொல்லிக்கொண்ட ஸ்ரீவிஜய அரசர்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டினார்கள், ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தான், லெய்டன் செப்பேடுகள் சொல்வது அதைத்தான். கடல் தாண்டிய ஒரு ராஜ குடும்பம் வடக்கே ஒரு விகாரமும் தெற்கே ஒரு விகாரமும் எழுப்பி, இரண்டு இடத்திலும் உள்ளூர் ராஜாவிடம் கிராமம் வாங்கியிருக்கிறது. நாளந்தாவில் விகாரங்களின் அடித்தளமாவது நிற்கிறது. நாகப்பட்டினத்தில் புதுவெளி கோபுரம் என்று அழைக்கப்பட்ட செங்கல் கோபுரம் 1867 வரை நின்றுகொண்டிருந்தது, அதை இடித்து எடுத்துவிட்டார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிற நாகப்பட்டினத்துப் புத்தர் வெண்கலங்களைத்தான் இப்போது போய்ப் பார்க்க முடியும். நாளந்தாவில் அந்த வெயிலில் நிற்கும்போது எனக்கு நாகப்பட்டினத்து நினைப்பு போகவேயில்லை. ஜகத் சிங்கைக் குறை சொல்ல நமக்கு அவ்வளவு தகுதி இல்லை.

வருவது நின்றுபோனதும் எல்லாம் ஒரே நாளில் மண்ணாகிவிடவில்லை. நாளந்தா தாக்கப்பட்டுச் சில பத்து வருஷம் கழித்து, 1234 வாக்கில், தர்மஸ்வாமி என்ற திபெத்தியத் துறவி அங்கே போயிருக்கிறார். தொண்ணூறு வயது தாண்டிய ராகுல ஸ்ரீபத்திரர் என்ற ஆசிரியர் எழுபது மாணவர்களை வைத்து அந்த இடிபாட்டுக்குள் இலக்கணம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதே தர்மஸ்வாமி புத்த கயாவில், மூலச் சிலையைக் காப்பாற்றுவதற்காக அதன் வாசலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்ததைப் பார்த்து எழுதுகிறார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பர்மாக்காரர்கள் வந்து அங்கே இருக்கிற மகாபோதி கோயிலைப் பழுதுபார்த்திருக்கிறார்கள், கல்வெட்டு இருக்கிறது. அதற்கு அப்புறம் மெல்ல மெல்ல ஊர்களின் பெயரே மறந்துபோனது. குசிநகர் எது, சிராவஸ்தி எது என்று உள்ளூரில் சொல்ல ஆளில்லை.

கண்டுபிடித்துக் கொடுத்ததும் யாத்திரைக்காரர்கள்தான், அதைச் சொல்லாமல் விட முடியாது. பாஹியானும் யுவான் சுவாங்கும் ஊருக்கு ஊர் எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று எழுதி வைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அவை பிரெஞ்சில் மொழிபெயர்க்கப்பட்டன. 1861இல் தொல்லியல் துறைக்குப் பொறுப்பேற்ற கன்னிங்காம் அந்தக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, மேடு மேடாக நடந்து ஊர்களை அடையாளம் கண்டார். சிராவஸ்தியில் சஹேத் மஹேத் என்று இரண்டு மேடுகள், அதில் சஹேத்தான் புத்தர் பல மழைக்காலம் தங்கிய ஜேதவனம் என்று அவர் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. பிற்பாடு 1130ஆம் ஆண்டின் ஒரு செப்பேடு அங்கேயே கிடைத்தது, ஜேதவன மகாவிகாரத்துச் சங்கத்துக்குக் கிராமங்கள் கொடுத்த ஆவணம். அதோடு சண்டை முடிந்தது. தூரத்தைக் குறித்து வைத்த பழக்கத்துக்காகவே யுவான் சுவாங்கைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

புத்த கயா கடைசி. இடிபாடு பார்க்கப் போகிறவர்களுக்கு அது முதலில் ஏமாற்றமாக இருக்கலாம், ஏனென்றால் அது இடிபாடாகவே இல்லை, அவ்வளவு கூட்டம், அவ்வளவு ஒலிபெருக்கி. கோயிலின் உருவம் 5, 6ஆம் நூற்றாண்டு என்றாலும் 1880களில் பெக்லர் என்ற பொறியாளரும் கன்னிங்காமும் சேர்ந்து வெகுவாகப் புதுப்பித்தார்கள். புத்தர் ஞானம் பெற்ற போதி மரமும் அதே மரம் இல்லை, 1876இல் புயலில் பழைய மரம் விழுந்துவிட்டது, 1881இல் கன்றை நட்டது கன்னிங்காம். எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. இங்கே ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் நடந்திருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து வந்த பிக்குகளுக்குத் தங்க இடம் கிடைக்காமல் போக, இலங்கை அரசன் மேகவர்ணன் சமுத்திரகுப்தனிடம் அனுமதி கேட்டு இங்கே ஒரு மடம் கட்டினான். இன்றைக்குத் தெருவுக்குத் தெரு நிற்கிற தாய், ஜப்பான், பூட்டான், வியட்நாம் மடங்கள் எல்லாம் அந்த மடத்தின் வழிவந்தவை என்றே சொல்வேன்.

இங்கே ஒரு பிரச்சினையும் இருக்கிறது, அதை மூடி மறைக்க வேண்டாம். சாரநாத்தில் தமேக் தூபியின் கல்லில், குப்தர் காலத்துக் கொடி வேலைப்பாட்டின் மேலேயே, யாத்திரைக்காரர்கள் தங்க இலை ஒட்டியிருக்கிறார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்கிற மெல்லிய சதுரங்கள். காற்றில் பாதி உரிந்து பளபளக்கின்றன. பசையும் எண்ணெயும் மணற்கல்லுக்கு ஆகாது. ஒட்டுகிறவர்களுக்கு அது கல் இல்லை, அவர்கள் ஊரில் அப்படித்தான் கும்பிடுவார்கள், வைசாலிச் சிமிழில் தங்க இலை போட்டவரும் இதைத்தான் செய்தார். ஆனாலும் என் கருத்து இதுதான்: வைக்கலாம், போர்த்தலாம், உட்கார்ந்து ஓதலாம், பழைய கல்லில் ஒட்டக்கூடாது. இதற்கு வழி இல்லாமல் இல்லை. புத்த கயாவில் நெய்விளக்குப் புகை கோயிலைக் கறுப்பாக்குகிறது என்று, விளக்குகளுக்கென்றே தனியாகக் கண்ணாடி அறைகள் கட்டிவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் விளக்கு எரிகிறது, கோயில் சுவருக்குச் சேதமில்லை, கும்பிட வந்தவர்களுக்கும் மனக்குறை இல்லை. தமேக்கிலும் தங்க இலைக்கென்று தனியாக ஒரு கல் நட்டு வைத்தால் போதும். வேலி போட்டு விசில் ஊதுகிற காவலாளியை நிறுத்துவதால் மட்டும் இது நிற்காது. வந்தவர்கள் கட்டிய இடத்தில், வருகிறவர்களைத் தொந்தரவாக நினைத்து நிர்வாகம் செய்ய முடியாது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம், ஆனால் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பனிமூட்டத்தில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். காசியில் இறங்கி சாரநாத், அங்கிருந்து கயா, ராஜ்கீர், நாளந்தா, பாட்னா, வைசாலி, குசிநகர், பிறகு லும்பினி, சிராவஸ்தி என்று சுற்றுவது வசதி. நாட்கள் போதவில்லையென்றால் சிராவஸ்தியையும் லும்பினியையும் இன்னொரு முறைக்குத் தள்ளிவையுங்கள், வைசாலியைத் தள்ளாதீர்கள்.

வைசாலியிலிருந்து குசிநகர் போகிற வழியில் கேசரியா வரும். தன்னைப் பிரிய மனமில்லாமல் பின்னாலேயே வந்த லிச்சவிகளைத் திருப்பி அனுப்ப, புத்தர் தன் பிச்சைப் பாத்திரத்தை அவர்களிடம் கொடுத்த இடம் என்று சொல்வார்கள். 1998இல் கே.கே. முகமது அகழத் தொடங்கும்வரை அது மரம் முளைத்த ஒரு குன்று. இப்போதும் ஒரு பாதிதான் வெளியே வந்திருக்கிறது, அடுக்கடுக்கான மேடைகளும், மாடங்களில் தலையில்லாத சுதைப் புத்தர்களும். மறுபாதியின் மேல் புல்லும் மரமும் அப்படியே இருக்கிறது. டூர் பஸ்கள் சாலையில் நிறுத்திப் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும், வண்டி பேசும்போதே ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்று சொல்லிப் பேசுங்கள். சுற்றி நடக்க ஆகிற நேரம் அது.